பழைய கம்ப்யூட்டருக்குப் பேரீச்சம்பழம்!

"பழைய இரும்பு, தகரம், ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் குரலைக் கேட்டதும் அடுக்களைக்கும் கொல்லைக்குமாக ஓடிய அனுபவம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. ஓட்டை வாளி, கைப்பிடி போன வாணலி, துருப்பிடித்த டிரங்குப் பெட்டி எல்லாம் தராசில் ஏறும். பதிலுக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் இறங்கும். எடை சரியா என்று பாட்டி சண்டை போடுவாள். பழம் சரியா என்று பேரன் சண்டை போடுவான். கடைசியில் எல்லாருக்கும் திருப்திதான்.

வண்டி இன்றைக்கும் வருகிறது. விழுப்புரத்து நேருஜி சாலையிலிருந்து பிரியும் சந்துகளிலும், திண்டிவனத்துக் கடைவீதிப் பக்கங்களிலும் அது வருவதை யாரும் பார்க்கலாம். பழத்துக்குப் பதில் பணம். தொண்டைக்குப் பதில் ஒலிபெருக்கி. அதைவிடப் பெரிய மாறுதல், வண்டியில் ஏறும் சாமான்கள்தாம். உயிர் போன கம்ப்யூட்டர், வாய் பேசாத பிரிண்டர், செத்துப்போன யு.பி.எஸ்., முதுகு பெருத்த டெலிவிஷன் பெட்டி, யாரோ ஒரு மாணவர் பிளஸ் டூ முடித்தபோது வாங்கிய சர்க்கார் லாப்டாப்!

காயலான் கடைக்காரர் இவற்றையெல்லாம் ஒரே மாதிரி வரவேற்பார் என்று எண்ணிவிடாதீர்கள். யு.பி.எஸ். என்றால் அதை இரண்டு கையாலும் வாங்குவார்; உள்ளே இருக்கும் பாட்டரியில் பெரும்பகுதி ஈயம். கம்ப்யூட்டரின் வெளிக்கூடு இரும்பு விலைக்குப் போகும். ஒயர் என்றால் செம்பு. சர்க்யூட் போர்டுக்குத் தனி விலை. ஆனால் அந்த முதுகு பெருத்த டெலிவிஷனைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். கண்ணாடியை யார் வாங்குவார்கள்?

அவர் முகத்தைச் சுளிக்கும் அந்த இடத்தில்தான் நம் விஷயமே ஆரம்பிக்கிறது.

எங்கிருந்து வந்தன இத்தனை பெட்டிகள்?

தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, இலவசக் கலர் டெலிவிஷன் திட்டம் தொடங்கியது. 2011 வரையில் சுமார் 1 கோடியே 60 லட்சம் பெட்டிகள் வீடு வீடாகச் சேர்ந்தன.  ஓலைக் குடிசையிலும் கலர்ப் படம் ஓடியது. அதன் அருமை பெருமைகளை அரசியல்வாதிகள் பேசிக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது அதன் வயது. 2011-க்கு முன் வந்த பெட்டிகளில் எத்தனை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்? பரணில் ஏறிவிட்டன; அல்லது பரணிலிருந்தும் இறங்கிவிட்டன.

பிறகு 2011 செப்டம்பரிலிருந்து மாணவர்களுக்கு இலவச லாப்டாப். பல லட்சம் பேர் பெற்றார்கள். அந்த முதல் வரிசை மாணவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. லாப்டாப்புக்கு மட்டும் முதுமை வராமல் இருக்குமா?

காரியாலயங்களின் கதை வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு, விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளித்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. சுமார் 2018-க்கு முன் வந்த கம்ப்யூட்டர்களில் பல, அடுத்த பதிப்பை ஏற்றுக்கொள்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த யந்திரத்துக்கு ஒரே நாளில் 'கிழம்' என்று பட்டம் கட்டியாகிவிட்டது.

இவை போதாதென்று வந்தது பெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், கடந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருக்கிறதே மயிலம், முருகன் கோயில் மலை, அங்கே ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை! திண்டிவனத்தில் கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்து வீடுகளில் புகுந்தது. சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. பாலத்தடியில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில்கள் நின்றன. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு சர்க்கார் 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. வடிந்த தண்ணீர் விட்டுச் சென்ற சேறும், சேற்றில் நனைந்த மிக்ஸியும் டெலிவிஷனும் கம்ப்யூட்டரும் அந்த 2,000 ரூபாய்க்குள் அடங்கக்கூடியவையா? நனைந்த சாமான் அத்தனையும் தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து எங்கே போயிற்று?

செம்புக்காக ஒரு தீ

ஒயரிலிருந்து செம்பை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கத்தியால் ஒவ்வொன்றாகத் தோலுரிப்பது. தடித்த கேபிளுக்கு அது சரி; கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நூல் மாதிரியான ஒயர்களை உரிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். இரண்டாவது வழி, ஊருக்கு வெளியே கும்பலாகப் போட்டுக் கொளுத்துவது. பத்து நிமிஷத்தில் தோல் போய்ச் செம்பு மிஞ்சும். இந்த வித்தைக்குப் படிப்பு வேண்டாம். ஒரு தீப்பெட்டி போதும்.

அந்தத் தோல் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. மந்தமான தீயில் எரிந்தால் 'டயாக்ஸின்' என்ற நஞ்சு பிறக்கும். மனிதன் அறிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. காற்றில் போய்விட்டதென்று கையைத் தட்டிவிட முடியாது. அது புல்லில் படியும்; புல்லை மாடு மேயும்; பாலின் கொழுப்பில் தங்கும். கொளுத்தியவர் கறுப்புப் புகையிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டேன் என்று நினைப்பார். மறுவாரம் அவர் வீட்டுக் காப்பியிலேயே அது வந்து நிற்கலாம்!

சர்க்யூட் போர்டு இன்னொரு தினுசு. அதில் உறுப்புகளை ஒட்டியிருக்கும் பற்றாசு, பழைய யந்திரங்களில் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. ஐரோப்பா 2006-இல் காரீயத்துக்குத் தடை போட்ட பிறகுதான் உலகச் சந்தையில் அது குறையத் தொடங்கியது. போர்டை அடுப்பில் வாட்டினால் பற்றாசு உருகும், உறுப்புகள் உதிரும், ஆவியை வாட்டுகிறவர் குடிப்பார். அதோடு நிற்காமல் தங்க முலாம் பூசிய முனைகளை வெட்டித் திராவகத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தங்கம் அடியில் தங்கும். மிச்சத் திராவகம் சாக்கடையில் இறங்கும். வடக்கே மொரதாபாத் நகரில் இந்தத் தொழில் பெரிய அளவில் நடந்து, ராம்கங்கை நதியின் கரையே போர்டுச் சாம்பலால் கறுத்துப்போனது. சீனாவில் குய்யு, ஆப்பிரிக்காவில் கானா தேசத்து அக்போக்புளோஷி என்று இந்தக் கறுப்புப் பட்டியல் நீளும். காரீயத்தைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு. அது நேரே மூளையின் வளர்ச்சியைப் பிடிக்கிறது.

இப்போது அந்த டெலிவிஷனுக்கு வருவோம். பழைய டெலிவிஷன், பழைய மானிட்டர் இரண்டுக்குள்ளும் இருப்பது படக்குழாய். பார்க்கிறவர் மேல் எக்ஸ்-ரே கதிர் படாமல் தடுப்பதற்காக அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஈயத்தைக் கலந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு. முழுசாக இருக்கும் வரையில் அது பரம சாது. பரணில் பத்து வருஷம் தூங்கினாலும் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் குழாயின் கழுத்தில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றுவதற்காகக் கழுத்தை உடைக்கிறார்கள். சுருள் கடைக்குப் போகிறது. உடைந்த கண்ணாடி? ஏரிக்கரை, ரயில்வே பள்ளம், ரோட்டோரம். பெட்டியில் விலை உள்ள கால் கிலோ செம்புக்காக, விலை இல்லாத பல கிலோ விஷக் கண்ணாடியை ஊருக்குத் தானம் செய்கிறோம்.

விலை உள்ளது எப்படியும் வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விலை இல்லாத விஷம் ஊரிலேயே தங்கிவிடுகிறது. இன்வெர்ட்டர் பாட்டரியைப் பாருங்கள். பழையதைக் கொடுத்தால் புதியதின் விலையில் கணிசமாகக் கழித்துக்கொள்கிறார் கடைக்காரர். அதனால் எந்த ஏரிக்கரையிலும் இன்வெர்ட்டர் பாட்டரி அநாதையாகக் கிடப்பதில்லை. யாரும் பிரசங்கம் செய்யவில்லை, போஸ்டர் ஒட்டவில்லை. காசு வேலை செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவுக்கென்று முதல் விதிகள் 2011-இல் வந்தன. 2016-இல் மாற்றி எழுதினார்கள். 2022-இல் மறுபடி எழுதி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். முன்பு 21 வகைச் சாமான்களுக்கு மட்டும் இருந்த பட்டியல் இப்போது 106 ஆகிவிட்டது. அடிப்படைத் தத்துவம் அழகானது: சாமானைச் செய்து விற்றவரே அதன் அந்திமக் கிரியைக்கும் பொறுப்பு. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கு, இலக்காகக் கணக்கிடப்படும் எடையில் 60 சதவிகிதத்தை மறுசுழற்சி செய்வித்ததாகக் கம்பெனிகள் கணக்குக் காட்ட வேண்டும்; அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70; 2027-28 முதல் 80.

எப்படிக் காட்டுவது? பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திலிருந்து சர்டிபிகேட் வாங்கித்தான். இங்கேதான் ஒரு சூட்சுமம். அந்த சர்டிபிகேட் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நாலு உலோகங்களின் கணக்கில் தரப்படுகிறது. ஈயக் கண்ணாடிக்கு அதில் இடமில்லை. அன்றியும், சர்டிபிகேட்டுக்கான சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன? சென்னையிலேயே மலைபோலக் கிடைக்கும்போது, ஒரு கம்பெனி திண்டிவனத்து ஒற்றை மானிட்டரைத் தேடிக்கொண்டு 120 கிலோமீட்டர் லாரி அனுப்புமா? தமிழ்நாட்டில் பதிவு பெற்ற நிலையங்களில் பெரும்பாலானவை சென்னையைச் சுற்றிய தொழிற்பேட்டைகளில்தான் இருக்கின்றன. விழுப்புரத்துக்காரருக்கு அது 160 கிலோமீட்டர்.

பெரிய உபயோகஸ்தர்களுக்குத் தனிக் கட்டளை உண்டு. ஒரு நிதியாண்டில் இப்படிப்பட்ட சாமான்கள் 1,000-க்குக் குறையாமல் உபயோகிக்கும் ஸ்தாபனம் எதுவானாலும், பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும். பெரிய கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி, பெரிய போக்குவரத்துக் காரியாலயம் இதில் மாட்டலாம். 30 கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பள்ளிக்கூடமும், மூன்று வைத்திருக்கும் வக்கீல் ஆபீஸும் மாட்டாது. சிறிய ஊர் என்பதே இப்படிப்பட்ட முப்பதும் மூன்றும் சேர்ந்ததுதானே?

யாருடையதென்று சொல்ல முடியாத அநாதைக் கழிவைத் திரட்டி உரிய இடத்துக்கு அனுப்பும் கடமையை விதிகள் நகராட்சி, ஊராட்சிகளின் தலையில் வைத்திருக்கின்றன. விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் நகராட்சிகள். வீட்டு வாசலில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு கூடை கேட்கிறார்கள். மாதம் ஒரு நாள் 'கரண்டுக் குப்பை' என்று மூன்றாவது கூடை கேட்டால் என்ன? இது பெரிய செலவு பிடிக்கிற யோசனை அல்ல.

ஏலம் விட்டால் தீர்ந்ததா?

நம் காரியாலயங்களில் பழைய சாமானைக் 'கண்டம்' செய்வது என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் அது அறை மூலையில் ஐந்து வருஷம் நிற்கும். பிறகு மாடிப்படிக்குக் கீழே ஐந்து வருஷம். பிறகு ஒரு கமிட்டி வந்து பார்த்து, உபயோகமற்றது என்று எழுதும். பிறகு ஏலம். அதிகத் தொகை கேட்டவர் அள்ளிக்கொண்டு போவார். பதிவேட்டில் ஒரு கோடு. குமாஸ்தாவுக்கு நிம்மதி.

அந்தக் கோட்டோடு கதை முடிவதில்லை என்பதற்கு டில்லியில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. டில்லி சர்வகலாசாலையின் ரசாயனப் பகுதியில், கனடாவிலிருந்து வந்த கதிர்வீச்சு யந்திரம் ஒன்று இருந்தது. 1985-க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் மற்றத் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏலத்தில் போயிற்று. வாங்கியவர்களுக்கு அது பளபளவென்ற உலோகம், அவ்வளவுதான். மாயாபுரி காயலான் கடைகளில் அதை உடைத்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒருவர் அதில் ஒரு சிறு துண்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டு நடமாடினார். ஏப்ரலில் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தார். கம்ப்யூட்டரில் கோபால்ட்-60 இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் 'உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் எடை போட்டு விற்பது' என்ற பழக்கம் அந்தப் பேராசிரியர்களிடமும் நம்மிடமும் ஒன்றேதான்.

கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது வேறு அபாயம். அது எழுத்து வடிவில் இருக்கிறது. கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். ஆதார் அட்டை, பட்டா, சாதிச் சான்று, பாங்கு பாஸ்புத்தகம், கல்யாணப் பெண்ணின் போட்டோ என்று ஊரார் அந்தரங்கம் அத்தனையும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் தங்கியிருக்கும். 'டிலீட்' செய்துவிட்டேன் என்பார் கடைக்காரர். அது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, புத்தகத்தையே அழித்துவிட்டதாகச் சொல்வதைப் போல. மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இது சின்னக் கடைகளின் அசட்டுத்தனம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மார்கன் ஸ்டான்லி என்ற மாபெரும் நிதி ஸ்தாபனம், பழைய கம்ப்யூட்டர்களை அப்புறப்படுத்த, அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனியை அமர்த்தியது. அழிக்கப்படாத டிஸ்க்குகள் இன்டர்நெட் ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பாதுகாக்கத் தவறியதற்காக, 2022 செப்டம்பரில் கட்டிய அபராதம் மூன்றரைக் கோடி டாலர்!

பரிகாரம் எளிது. டிஸ்க் முழுவதும் வெற்று எண்களை எழுதி நிரப்பும் மென்பொருள் உண்டு. அதை ஓட்டிவிட்டால் பழைய எழுத்து போய்விடும். ஓடாத டிஸ்க் என்றால் கழற்றித் துளைபோடும் கருவியால் இரண்டு மூன்று ஓட்டை போடச் சொல்லுங்கள். புதிய வகைச் சில்லு டிஸ்க்குக்கு ஓட்டையையும் நம்ப வேண்டாம். அதற்கென்று தயாரிப்பாளரே தரும் அழிக்கும் கட்டளை இருக்கிறது, பழக்கப்பட்டவரைக் கேட்டுச் செய்யலாம்.

கிழம் என்று யார் சொன்னது?

எறிவதற்கு முன் ஒரு கேள்வி. அந்தக் கம்ப்யூட்டர் நிஜமாகவே செத்துவிட்டதா? விண்டோஸ் கைவிட்ட யந்திரத்தில் லினக்ஸ் என்னும் இலவச இயக்க முறை சுகமாக ஓடும். சென்னையில் உள்ள சி-டாக் ஸ்தாபனம் 'பாஸ்' என்ற பெயரில் தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்கு ஏற்ற லினக்ஸே செய்து தந்திருக்கிறது. இதற்கெல்லாம் சென்னைக்குப் போக வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று பத்தாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. தன்னார்வ இளைஞர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சம்பளமில்லாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெரிய ஊர்களே பொறாமைப்பட வேண்டிய சங்கதி இது. கொஞ்சம் மெமரி கூட்டி, டிஸ்க்கை மாற்றினால், கிழக் கம்ப்யூட்டர் இன்னும் நாலைந்து வருஷம் ஒரு பையனுக்குத் தட்டெழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கும்.

அதற்கும் உதவாதவற்றை என்ன செய்வது? தனி ஆளாக ஒருவர் அனுப்ப முடியாது, வாஸ்தவம். ஆனால் ஒரு தெருவின் வியாபாரிகள் சங்கம், நாலு பள்ளிக்கூடம், வக்கீல்கள் சங்கம் சேர்ந்தால் ஒரு வண்டிப் பாரம் சேர்ந்துவிடும். வண்டிப் பாரம் என்றால் மறுசுழற்சி நிலையத்தார் தாங்களே வந்து எடுத்துப் போகச் சம்மதிப்பார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவர்தானா என்று வாரியத்தின் பட்டியலில் பார்த்துக்கொண்டு, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்வது முக்கியம்.

ஜப்பானியர்கள் இப்படித்தான் ஒரு விளையாட்டுக் காட்டினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, ஊர் ஊராகப் பெட்டி வைத்துப் பழைய சாமான் கேட்டார்கள். 62 லட்சம் செல்போன்கள் உள்பட ஏறக்குறைய 79,000 டன் சேர்ந்தது. அதிலிருந்து 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் எடுத்து, சுமார் 5,000 பதக்கங்களையும் அதிலேயே செய்துவிட்டார்கள்! நம் பக்கத்துத் தமிழர்கள் பலர் போய் உழைத்த கோலார் சுரங்கம், தங்கம் அருகிப்போய் 2001-இல் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம் கிடைத்தால் அதிகம். ஒரு டன் பழைய செல்போனில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. உலகம் 2022-இல் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம்தான் என்கிறது ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை.

காயலான் கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. சங்கம் கூட்டாமல், மானியம் கேட்காமல், வீடு வீடாக வந்து சேகரிக்கிற ஒரே மனிதர் அவர்தான். இந்தத் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்து, பயிற்சி தரும் கடமை மாநில சர்க்காருக்கு உண்டு என்று அதே விதிகள் சொல்கின்றன. போர்டை உடைக்காமல், ஒயரைக் கொளுத்தாமல், படக்குழாயை முழுசாகக் கொண்டு வந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று நகராட்சியோ கம்பெனியோ ஒரு விலை வைத்துவிட்டால், இன்வெர்ட்டர் பாட்டரி போல அதுவும் தானே நடந்து போய்ச் சேரும். அந்த விலை வருகிற வரையில் பழைய டெலிவிஷனை உடைக்க விடாமல் பரணிலேயே வைத்திருப்பது மேல்.

பரணில், தரையில் அல்ல. இரண்டு ஊர்களிலும் பல காரியாலயங்களின் பழைய யு.பி.எஸ்.ஸும் மானிட்டரும் கீழ்த்தளத்து அறைகளிலும் மாடிப்படிக்கு அடியிலும்தான் அடுக்கப்படுவது வழக்கம். ஐப்பசியில் மழைக்காலம் தொடங்கும். அதற்குள் அவற்றை ஒரு மாடி மேலே ஏற்றிவிடலாம். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை.